இருபத்தி நாலு, நாற்பத்தொன்று

கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டபோது அம்சவேணி சமையலறையில் டீத்தூள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். சின்னதாக ஒரு கீச்சு. அடுத்து, அதைவிடக் கொஞ்சம் மேலே ஏறி இன்னொரு கீச்சு.

அவள் புருஷன் மாசிலாமணியின் மலைக் கருவி உயிர் பெறும் சத்தம் அது. எட்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். வேறொருத்தியாக இருந்தால் டப்பா கைநழுவி விழுந்திருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்திருப்பாள். அம்சவேணி இரண்டு கரண்டி தூளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள், டப்பாவை மூடினாள், அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் செய்தாள்.

"அக்கா, ஆன் ஆயிடுச்சு" என்றான் கூடத்தில் உட்கார்ந்திருந்த கிஷோர்.

"ஆவட்டும் தம்பி. டீ கொண்டாறேன்."

கிஷோருக்கு முப்பது வயது இருக்கும். ஆம்பூர்க்காரன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இஞ்சினியர். ஜாகை திருப்பதியில். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு மலை ஏறுகிற குழு ஒன்றை நடத்துகிறான். அந்தக் குழுவுக்கு நகரி மலையில் வழி காட்டியவன் மாசிலாமணி. அவன் போனபிறகு கிஷோர் இந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, காரியத்துக்கு. இன்று தகவல் சொல்லாமல் வந்து நின்றான். பையில் புது பேட்டரி இரண்டு வைத்திருந்தான். "அண்ணன் போட்டு வச்ச வழியெல்லாம் அந்தக் கருவியில இருக்கும்க்கா. எடுத்து வச்சிக்கலாம்னு" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அந்தக் கருவி திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிவந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். இன்று கிஷோர் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டு டீ போட வந்துவிட்டாள்.

அந்தக் கருவி அவள் வாழ்க்கைக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அம்சவேணி சத்தியவேடு பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில், அதுவும் எட்டாவது வரைக்கும். தமிழ் எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. நகரியில் வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். மாசிலாமணி மாந்தோப்புக் காவல்காரன். அருவி பார்க்க மெட்ராஸிலிருந்து வரும் பிள்ளைகள் வழி கேட்பார்கள். கேட்டவர்களுக்குக் கையைக் காட்டினவன், பிறகு கூடவே நடந்தான், பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரிலிருந்து வந்த ஒரு வயதான மனிதர் மலையில் மயங்கி விழுந்தார். மாசிலாமணி அவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினான். மறுமாதம் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சோப்புக் கட்டி போலக் கனமாக, மஞ்சளும் கறுப்புமாக ஒரு சாமான். கையில் வைத்துக்கொண்டு நடந்தால் நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று வானத்தைக் கேட்டுச் சொல்லும். வந்த வழியைக் கோடாகப் போட்டு வைத்துக்கொள்ளும். மழை, பள்ளம், எதற்கும் அசராது. ஆனால் போன் மாதிரி அதில் பேச முடியாது. இடத்தைக் காட்டுவதோடு அதன் வேலை சரி.

"இது எனக்கு எதுக்கு அம்சா? கண்ணைக் கட்டி உட்டாலும் நான் நகரி மலையில நடப்பேன்" என்று சிரித்தவன், ஒரே வாரத்தில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். தண்ணீர் கிடைக்கிற ஒவ்வொரு சுனையையும் அதில் குறித்து வைத்தான். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டது கருவி. இவனுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தது ஒரே ஒரு பெயர்தான். அதனால் நகரி மலையின் சுனைகளுக்கெல்லாம் அம்சா ஒன்று, அம்சா இரண்டு என்று பெயராகிவிட்டது. அம்சா முப்பத்தொன்று வரைக்கும் இருந்தது.

மலையில் அவன் தனியாகப் போகிற நாட்களில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மேலே இரண்டு மூன்று பாறைகளில்தான் செல்போனுக்கு சிக்னல் எட்டும், அதுவும் கண் சிமிட்டுகிற நேரம். அந்த நேரத்தில் வீட்டுக்கு போன் போட்டு, கருவியில் தெரிகிற எண்ணைச் சொல்வான். "எழுதிக்கோ" என்பான், அவள் எழுதிக்கொள்வாள். அன்று இரவு அவன் வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று வீட்டில் ஒரு துப்பு இருக்க வேண்டும் அல்லவா.

கருவி காட்டுவது நீளமான எண். பதின்மூன்று டிகிரி, இருபத்தி நாலு புள்ளி என்னவோ நிமிடம். எழுபத்தொன்பது டிகிரி, முப்பத்தேழு புள்ளி என்னவோ நிமிடம். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விடும். ஆகவே இருவரும் அதைக் கத்தரித்துக்கொண்டார்கள். பதின்மூன்றும் எழுபத்தொன்பதும் எப்போதும் மாறப்போவதில்லை, அதை விட்டார்கள். கடைசி இலக்கத்தால் முப்பது தப்படிக்கு மேல் வித்தியாசம் வராது, அதையும் விட்டார்கள். 'புள்ளி' என்று சொல்வதையும் விட்டார்கள், அது எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியுமே. மிஞ்சியது நாலு எண். இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம். பதினோரு வருஷம் அந்த நாலு எண்ணால் குடும்பம் நடந்தது.

போன கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, தறிக்கூடத்தில் இருந்தபோது போன் வந்தது. கிஷோரின் குழு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற புது வழியைப் பார்த்து வர அவன் தனியாகப் போயிருந்தான்.

"அம்சா, உழுந்துட்டேன். கால் போச்சு. எழுதிக்கோ. இருபத்தி நாலு, நாப்பத்தொண்ணு. முப்பத்தேழு, இருபத்தெட்டு."

"உசுருக்கு ஒண்ணும் இல்லியே?"

பதில் இல்லை. லைன் போய்விட்டது. அதன் பிறகு அந்த போன் அடிக்கவே இல்லை.

அவள் நோட்டில் எழுதினாள். கிஷோருக்கு போன் போட்டு நாலு எண்ணையும் சொன்னாள். முன்னால் பதின்மூன்றும் எழுபத்தொன்பதும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவன் தேடப் போகிறவர்களுக்கு இடத்தை அனுப்பினான். அன்று மாலையே பத்துப் பேர் மேலே ஏறினார்கள். அந்த இடத்தில் பாறையும் முள்ளும் தவிர ஒன்றும் இல்லை. மறுநாள் முழுக்க அதைச் சுற்றியே தேடினார்கள். மூன்றாம் நாள், காணாமல் போன மாட்டைத் தேடிக்கொண்டு போன ஒருவர், முகட்டுக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் மாசிலாமணியைப் பார்த்தார். மாடு உயிரோடு கிடைத்தது, மனிதன் பிணமாகக் கிடைத்தான் என்று ஊர் சொன்னது. இரண்டாம் நாள் காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தேடப் போனவர்களில் ஒருவர் இறங்கி வந்ததும் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஆயம்மா தப்பு ராசிந்தி." அந்தம்மா தப்பாக எழுதிவிட்டாள். அவ்வளவுதான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாத்தனார் பொன்னியம்மாள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "எட்டாங்கிளாஸு படிச்சவ கையில எந் தம்பி உசுரைக் குடுத்துட்டுப் போனானே." அம்சவேணிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. உறைத்தது ஒன்றுதான். திருப்பதியில் நர்சிங் படிக்கிற மகள் ரக்ஷிதா, காரியம் முடிந்து ஆஸ்டலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"நைனா போலீஸுக்குப் போன் பண்ணல, நூத்தியெட்டுக்குப் பண்ணல. உன்னை நம்பி உனக்குப் பண்ணாரும்மா."

அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் இரண்டு தடவைதான் வந்தாள். இரண்டு தடவையும் துணியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டாள். போன் போட்டால் "ம்" என்பாள். மகளுக்குச் சொல்ல அம்சவேணியிடம் ஒரு பதிலும் இல்லை. நான் சரியாகத்தான் எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் சரியாகத்தான் எழுதினாளா? தறிச் சத்தத்தில் காதில் விழுந்தது நாற்பத்தொன்றுதானா? எட்டு மாதத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை அந்தக் குரலைத் திரும்பக் கேட்டுக் கேட்டு, இப்போது அதில் எண்ணே இல்லாமல் வெறும் மூச்சு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. விழுந்த இடத்தில் மாசிலாமணி கருவியில் குறி வைத்திருந்தால் அதில் நிஜம் இருக்கும். பேட்டரி போட்டால் தெரிந்துவிடும். பீரோவில் வைத்துப் பூட்டியது அதனால்தான். இப்போது ஊர் சொல்கிறது. கருவியும் அதையே சொல்லிவிட்டால்?

டீயைக் கொண்டுவந்து கிஷோரின் பக்கத்தில் வைத்தாள். அவன் கருவியின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பட்டியலை இறக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் உங்க பேருதான் அக்கா இருக்குது."

"தண்ணிக்கு வச்சது."

"முப்பத்தொண்ணு இருக்கு." அவன் இன்னும் ஒரு தடவை அழுத்தினான். "கடைசியில ஒண்ணு பேரே இல்லாம வெறும் நம்பரா இருக்கு."

இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். தேதி அந்த வியாழக்கிழமை. மணி பிற்பகல் இரண்டு ஐம்பத்தேழு. பெயர் வைக்க அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

"அன்னைக்கு எழுதின நோட்டு இருக்குதாக்கா?"

இருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுத்துவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். மேலே தெலுங்கில் கிழமை. கீழே நாலு எண்.

கிஷோர் நோட்டைப் பார்த்தான். கருவியைப் பார்த்தான். மறுபடியும் நோட்டைப் பார்த்தான். நெற்றியோரம் வியர்வை கோடாக இறங்கியது. கருவியை அணைத்துப் பாயின் மேல் வைத்தான்.

"வெயில்ல சரியா தெரியலக்கா. பேட்டரியும் பழசு போல."

"புதுசுன்னு சொன்னியே."

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போல."

"ஆன் பண்ணு தம்பி."

"அக்கா..."

"எனக்கும் நம்பர் படிக்கத் தெரியும். ஊருல அதைத்தான் யாரும் நம்பல. நீயாவது நம்பு."

அவன் பொத்தானை அழுத்தினான். அதே இரண்டு கீச்சு. அவளே கருவியைக் கையில் வாங்கினாள். பதினோரு வருஷம் அதற்கு பேட்டரி மாற்றியவள், துடைத்து வைத்தவள். அந்தக் குறியைத் திறக்க எந்தப் பொத்தான் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக வாசித்தாள்.

"பதிமூணு. இருபத்தி நாலு புள்ளி நாலு ஒண்ணு அஞ்சு. எழுபத்தொம்போது. முப்பத்தேழு புள்ளி ரெண்டு எட்டு ரெண்டு."

நோட்டைப் பார்த்தாள். இருபத்தி நாலு, நாற்பத்தொன்று. முப்பத்தேழு, இருபத்தெட்டு.

"சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

கிஷோர் நோட்டை மூடி வைத்தான்.

"அப்புறம் ஏன் தம்பி அவங்களுக்குக் கிடைக்கல?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூடிய கைக்குள்ளிருந்து பேசினான். "நாலு மாசமா எனக்கு இதான்க்கா சந்தேகம். தூக்கமே இல்ல. பார்த்துடணும்னுதான் வந்தேன். வழி எடுக்கறதுக்குன்னு சொன்னது பொய்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"கடிகாரத்துல அரை நிமிஷத்தைப் புள்ளி அஞ்சு நிமிஷம்னு எழுதலாம் இல்ல? அதுக்கு எத்தனை செகண்டு?"

"முப்பது."

"ஆங். அஞ்சு வேற, முப்பது வேற. இடம் சொல்றதும் அப்படித்தான். நிமிஷத்துக்கு அப்புறம் புள்ளி வச்சும் எழுதலாம், செகண்டாவும் எழுதலாம். நீங்க நாப்பத்தொண்ணுன்னு சொன்னீங்க. அது புள்ளி நாப்பத்தொண்ணு. நான் நாப்பத்தொரு செகண்டுன்னு போட்டுட்டேன். இருபத்தெட்டும் அதே மாதிரி. எங்க ஆபீஸ்ல செகண்டுலதான் போடுவோம். கை அப்படியே போட்டுடுச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எவ்ளோ தூரம் தள்ளிப் போச்சு?"

அவன் சொல்ல முடியாமல் சொன்னான். "அறுநூறு மீட்டர்."

அறுநூறு மீட்டர். வீட்டிலிருந்து ரயில்வே கேட்டுக்குக்கூட அதைவிட அதிகம் இருக்கும். காய்கறிக்காரனைப் பிடிக்க அதைவிட தூரம் ஓடியிருக்கிறாள். நடுவில் முகடு இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருக்கும்.

அம்சவேணி காத்திருந்தாள். எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இதோ உருளப் போகிறது, அடிவயிற்றிலிருந்து ஒரு கதறல் கிளம்பப் போகிறது என்று. தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டீயின் மேல் ஆடை படிந்தது. கதறல் வரவில்லை. கோபமாவது வருமா என்று பார்த்தாள். எதிரில் ஒரு பையன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவன் சட்டைக் காலர் அழுக்காக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

"நானும் புள்ளின்னு சொல்லலியே தம்பி."

"அது உங்களுக்குள்ள பேசிக்கிற பேச்சுக்கா. வெளியாளு நான்தான் கேட்டிருக்கணும். அண்ணனை அந்த வழிக்கு அனுப்புனதும் நான்." அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "ஏதாவது சொல்லுங்கக்கா. திட்டுங்க. ரெண்டு அறை விடுங்க."

"அறைஞ்சா?"

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

"அழுது முடி" என்றாள். "அப்புறம் ஒரு வேலை இருக்கு."

அவன் நிமிர்ந்தான்.

"எம்மவளுக்குப் போன் போடு. இப்ப என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லு."

கிஷோரின் முகம் வெளுத்தது. "ரக்ஷிதாவுக்கா? நீங்க சொல்லுங்கக்கா. நான் தப்புன்னு நீங்களே சொல்லிக்குங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"நான் சொன்னா, தப்பிச்சிக்கறதுக்குச் சொல்றேன்னு நினைப்பா. நான் பெத்த பொண்ணு, எனக்குத் தெரியும்."

"என்னால முடியாதுக்கா. அந்தப் பொண்ணு காரியத்தன்னிக்கு எனக்குக் கைகூப்பி, ரொம்ப உதவி பண்ணீங்கண்ணான்னு சொல்லுச்சு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவள் தன் செல்போனிலேயே எண்ணைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. அவன் எழுந்து நின்றான். ஆசிரியர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டே பேசினான்.

"அம்மா இல்லம்மா, நான் கிஷோர் பேசறேன். அம்மா நல்லாத்தான் இருக்காங்க. ஒண்ணும் ஆகல. உங்க வீட்லதான் இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." போனை மறு காதுக்கு மாற்றினான். "அன்னைக்கு உங்கம்மா எழுதுனது சரி. கருவியில பார்த்துட்டோம், அப்படியே இருக்கு. நான்தான் தப்பா போட்டேன். ஆமா, நான்தான். உங்கம்மா இல்ல."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று அம்சவேணிக்குக் கேட்கவில்லை. அவன் "ஆமா" என்றான். சற்றுப் பொறுத்து மறுபடியும் "ஆமா" என்றான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. போனை அவளிடம் நீட்டினான்.

"உங்ககிட்ட குடுக்கச் சொல்லுது."

அவள் போனைக் காதில் வைத்தாள். ஆஸ்டலில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். மகளின் மூச்சு கேட்டது.

"அம்மா."

"ம்."

எட்டு மாதமாக மகள் சொல்லி வந்த "ம்" அது. இப்போது அம்மா சொன்னாள்.

"துன்னியாமா?" என்றாள் ரக்ஷிதா.

"துன்னேன். நீ?"

"இன்னும் இல்ல."

"மணி நாலாவப் போவுதே."

"பசிக்கல." மறுபடியும் பக்கெட் இழுபடும் சத்தம். "ஞாயித்துக்கிழம வர்றேன்."

"ஆடிக் கிருத்திகை. பஸ்ஸுல கூட்டமா இருக்கும்."

"பரவால்ல. நின்னுக்கினு வர்றேன்."

"சரி."

"ரெண்டு நாள் இருக்கேம்மா."

"சரி."

லைன் போய்விட்டது. அவளாக வைத்தாளா, தானாகப் போனதா, தெரியவில்லை. அம்சவேணி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் என்று தோன்றியது. மீன் வாங்க முடியாது, கிருத்திகை. கத்திரிக்காய் வாங்கலாம். அதற்கு மேல் மனசு போகவில்லை.

கிஷோர் பையை எடுத்தான். பாயில் இருந்த கருவியை நிறுத்தி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். அவள் அதை நோட்டின் மேல் வைத்தாள்.

"குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்க்கா. தேடப் போனவங்ககிட்டயும். உங்க நாத்தனார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"அது உன் இஷ்டம்."

"நான் இனிமே இந்தப் பக்கம் வரலாமாக்கா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். வரலாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் வரவில்லை. "தெரியல தம்பி" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டினான். ஒரு முடிச்சைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினான். வந்தவரை அனுப்பிவைக்கும் மரியாதைக்கு அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"திருப்பதி பஸ் நாலே காலுக்கு. அதை உட்டா அஞ்சரைக்குத்தான்" என்றாள்.

"சரிக்கா."

அவன் எழுந்து, படியிறங்கி, தெருவில் நடந்தான். பொன்னியம்மாளின் வீடு இடப்பக்கம், பஸ் நிலையம் வலப்பக்கம். தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இடப்பக்கம் திரும்பினான். அவன் மறைகிறவரைக்கும் அம்சவேணி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.